சோழகத்திலும் வெடிக்காத மேசன் வேலை

யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம், கடற்காற்று படுகிற வீடு. போர்ட்டிக்கோ பீமில் கம்பி கறள் (துரு) பிடித்து ஊதி, கொங்கிறீட் பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. வந்த மேசன் மேலால் பூசி மறைக்கிற ஆள் இல்லை. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கறளை வயர் பிரஷால் மினுங்க மினுங்கத் தேய்த்து, கறள் தடுக்கும் பூச்சு அடித்து, பழைய கொங்கிறீட்டை நனைத்த பிறகுதான் கலவையே குழைத்தார். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் மேல் ஈரம் சட்டென்று காய்ந்து மயிர்வெடிப்பு விழும் என்று, பின்னேரம் பூசி, இறுகினதும் ஈரச்சாக்குக் கட்டினார். "அண்ணை, 7 நாளாவது சாக்குக் காயக்கூடாது" என்று நாலு தரம் சொல்லிவிட்டுத்தான் போனார். கூலி கொஞ்சம் கூடத்தான், சொன்ன நேரத்துக்கு வருவதும் குறைவு. ஆனால் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கிற உப்பு மணலை வீட்டு வாசலில் இறக்கவே விடவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயம். இப்ப தட்டிப் பார்த்தால் எங்கேயும் வெற்றுச் சத்தம் இல்லை.