பிரிண்டருக்கு ஐ.பி.: மெஷினில் போடுவதா, ரவுட்டரில் ஒதுக்குவதா?

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடை ஆகட்டும், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கடை ஆகட்டும், ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆபீஸ் ஆகட்டும், வரும் புகார் ஒன்றுதான்: "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா வந்துச்சு சார், காலைல ஆஃப்லைன்னு காட்டுது." பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது. டோனர் இருக்கும், கேபிள் சரியாக இருக்கும், ரவுட்டரில் விளக்கும் எரியும். பிரிண்டரின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண், மட்டும் மாறியிருக்கும். கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ரிப்போர்ட் நகலுக்காக வரிசையில் நிற்கும்போது இது நடப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

வழிகள் நான்கு. முதலாவது, எதையும் தொடாமல் விடுவது. பெட்டியிலிருந்து எடுத்த பிரிண்டர் டி.எச்.சி.பி. முறையில் ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும். சி.எம்.சி. பக்கத்து லாட்ஜில் காலியாக இருக்கும் அறையைக் கொடுப்பது மாதிரி, ரவுட்டரும் கையிருப்பில் உள்ள எண்ணைக் கொடுக்கிறது, அதுவும் தவணைக்குத்தான். பல ரவுட்டர்களில் இந்தத் தவணை 24 மணி நேரம். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் பாதித் தவணையிலேயே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் ஞாயிறு முழுக்கக் கடை மூடி, மெஷினும் அணைந்து கிடந்தால் அந்த எண் யாருடைய போனுக்காவது போகலாம். போனுக்கும் லேப்டாப்புக்கும் இது சிறந்த ஏற்பாடு. அவற்றை யாரும் முகவரி சொல்லித் தேடுவதில்லை. பிரிண்டரைத் தேடித்தான் எல்லோரும் வருகிறார்கள். ஆகவே இது கடைக்கு ஆகாது.

இரண்டாவது, பெயரை வைத்துத் தேடுவது. விண்டோஸில் டபிள்யூ.எஸ்.டி. போர்ட், ஆப்பிள் பக்கம் பான்ஜூர். முகவரி மாறினாலும் பெயரைப் பிடித்துப் போய்விடும் என்பது இதன் நோக்கம். காட்பாடியில் நான்கு மாணவர்கள் தங்கிய வீட்டில் ஒரு பிரிண்டர் என்றால் இதுவே போதும். கடையில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மெஷின் தூங்கி எழுந்த பிறகு விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்றே பிடித்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. கீழே ஒரு ரவுட்டர், மாடியில் இன்னொரு ரவுட்டர் என்று இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டால் பெயரே கண்ணில் படாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: மெஷினிலேயே நிலையான ஐ.பி. போடுவது, ரவுட்டரில் ஒதுக்கி வைப்பது.

மெஷினிலேயே நிலையான ஐ.பி. போட்டால் அது ரவுட்டரை எதற்கும் கேட்பதில்லை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் எழுந்திருக்கும் முன்பே பிரிண்டர் எழுந்தால், டி.எச்.சி.பி.யில் இருக்கும் மெஷின் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டு தனித்து நிற்கும். நிலையான ஐ.பி.யில் அந்தத் தொல்லை இல்லை. வாடகை ஜெராக்ஸ் மெஷினை சர்வீஸ்காரர் மாற்றித் தந்தாலும் அதே எண்ணைப் புது மெஷினில் போட்டால் முடிந்தது.

ஆனால் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டி.எச்.சி.பி. கொடுத்த எண்ணையே அப்படியே நிலையாக்கிவிடுகிறார்கள். அந்த எண் இன்னும் ரவுட்டரின் கையிருப்பில்தான் இருக்கிறது. இரவில் பிரிண்டர் அணைந்திருக்கும்போது ரவுட்டர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். காலையில் ஒரே முகவரியில் இரண்டு பேர். பிரிண்ட் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. வராமலே இருப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சரியான முறை, ரவுட்டரில் கையிருப்பை 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டருக்கு 192.168.1.20 போடுவது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. வெளி நெட்டுக்குப் போக வழிகாட்டும் கேட்வேயும், பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ்.ஸும் காலியாக இருந்தாலும் பிரிண்ட் வரும், ஆனால் ஸ்கேன் செய்து மெயிலுக்கு அனுப்புவது போகாது.

ரவுட்டரில் ஒதுக்கி வைக்கும் முறையில் மெஷின் டி.எச்.சி.பி.யிலேயே இருக்கும். அதன் மேக் முகவரியை, அதாவது அந்த 12 இலக்க அடையாளத்தை, ரவுட்டரில் எழுதி, பிரிண்டருக்கு வேண்டிய ஐ.பி. எண்ணோடு சேர்த்துவிடுகிறோம். எண் மோதாது. எல்லா மெஷின்களின் பட்டியலும் ஒரே பக்கத்தில் தெரியும். ஐந்தாறு பிரிண்டர் உள்ள ஆபீஸுக்கு இது பெரிய நிம்மதி. கவனிக்க வேண்டியது ஒன்று: கேபிளுக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். வைஃபையில் ஓடும் மெஷினுக்குக் கேபிள் மேக்கைப் பதிந்துவிட்டு, "ஒதுக்கியும் நிக்கல" என்று தவிப்பவர்கள் உண்டு.

நெட் கனெக்‌ஷன் மாற்றும் நாளில்தான் இரண்டின் குணமும் தெரியும். ஒரு கம்பெனி ரவுட்டர் 192.168.1.1, இன்னொன்று 192.168.29.1. நிலையான ஐ.பி. போட்ட மெஷின் பழைய எண்ணிலேயே கிடக்கும், கம்ப்யூட்டரிலிருந்து அதன் செட்டிங் பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. திரை உள்ள பெரிய மெஷினில் மாற்றிவிடலாம். இரண்டே பட்டன் உள்ள சின்ன லேசரில் ரீசெட்தான் கடைசி வழி. ஒதுக்கீட்டு முறையில் பட்டியல் பழைய ரவுட்டரோடு போய்விட்டாலும், மெஷின் புது ரவுட்டரிடம் ஏதாவது ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் பொதுவான ஒரு வழியும் உண்டு: புது ரவுட்டரின் உள் முகவரியையே பழையபடி 192.168.1.1 ஆக்கி, கையிருப்பையும் ஒதுக்கீட்டையும் அதில் மறுபடி போட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. ரவுட்டர் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்து, கரண்ட் போனாலும் அணையாமலிருக்க ரவுட்டருக்குச் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். இருந்தால், ஒதுக்கி வையுங்கள். லாட்ஜ் ஓனரின் நெட், காம்ப்ளெக்ஸுக்குப் பொதுவான நெட் என்று ரவுட்டர் அடுத்தவர் வசம் இருந்தால் மெஷினில் நிலையாகப் போடுங்கள், ஆனால் கையிருப்புக்கு வெளியே உள்ள ஒரு எண்ணை ரவுட்டர் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

எதைச் செய்தாலும் கம்ப்யூட்டரில் அந்தப் பிரிண்டரை ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்டில், 9100 என்ற எண்ணில் சேருங்கள். அங்கே எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) என்ற டிக்கை எடுத்துவிட்டால் பொய் ஆஃப்லைனும் குறையும்.

ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்பும் கடைகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அங்கே பிரிண்டர்தான் கம்ப்யூட்டரைத் தேடிப் போகிறது. அட்ரஸ் புக்கில் கம்ப்யூட்டரின் ஐ.பி. எழுதியிருந்தால், அது மாறிய அன்றே ஸ்கேன் நின்றுவிடும், பிரிண்ட் மட்டும் வந்துகொண்டிருக்கும். எனவே பிரிண்டருக்குச் செய்ததை அந்தக் கம்ப்யூட்டருக்கும் செய்யுங்கள். ரவுட்டரில் இரண்டாவது வரியாக அதன் மேக்கையும் ஒதுக்க இரண்டு நிமிடம் போதும்.