பாய்ட் 43: திருப்பிப் பார்த்து வாங்கிய துப்பாக்கி உறை

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு பழம்பொருள் கடை இருக்கிறது. போன மாதம் அங்கே அமெரிக்க ராணுவத்தின் எம்1916 தோலுறை ஒன்றை வாங்கினேன். கோல்ட் .45, அதாவது எம்1911 கைத்துப்பாக்கிக்கான உறை. 'முதல் உலகப் போர், 150 டாலர்' என்று சீட்டு கட்டியிருந்தார்கள். போர் தப்பு, பொருள் அசல்.

கடைக்காரர் வயதானவர். அலமாரியைத் திறந்து கையில் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அது ஒன்றுக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம். மூடியின் மேல் முட்டை வடிவக் கோட்டுக்குள் இருக்கும் 'யு.எஸ்.' முத்திரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இப்போது தைத்து விற்கும் நகல்களிலும் அது அழகாகவே இருக்கிறது. உறையைத் திருப்புங்கள். இதன் முதுகில் 'பாய்ட்', கீழே '43'. பாய்ட் என்பது அயோவா மாநிலத்தில் குதிரைச் சேணம் செய்துவந்த நிறுவனம். 1943 என்றால் இரண்டாம் உலகப் போர். முதல் போர்க்கால உறையில் 'ஜி & கே 1918' (கிராட்டன் & நைட் என்ற தயாரிப்பாளர்) மாதிரி முத்திரை இருக்கும். இதைக் காட்டியதும் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு 120 என்று எழுதினார்.

முத்திரையை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. மூடியை மாட்டும் பித்தளைக் குமிழின் அடியில், தோலோடு ஒட்டும் இடத்தில், பச்சைக் களிம்பு மெழுகு மாதிரித் திரண்டிருந்தது. மூடியின் வெளிப்பக்கம் கருஞ்சிவப்பு; வெயில் படாத உள்பக்கம் இன்னும் வெளிர் பழுப்பு. மடிப்பில் மெல்லிய வெடிப்புகள். உள்ளே இருந்த துப்பாக்கியின் வடிவம் தோலில் லேசாகப் புடைத்திருந்தது. இரண்டு வருஷம் முன்னால் இணையத்தில் படம் பார்த்து ஒருவரிடம் வாங்கி ஏமாந்த உறையில், உள்ளும் புறமும் ஒரே நிறம், குமிழ் பளபள, பிரித்ததும் புதுச்செருப்பு வாசனை. அந்தப் பணம் போனது இன்னும் வருத்தம்தான்.

கறுப்பு உறை என்றாலே போலி என்று ஒதுக்க வேண்டாம். 1950களில் ராணுவம் கறுப்புக்கு மாறியபோது பழைய பழுப்பு உறைகளுக்கும் சாயம் ஏற்றினார்கள். தையல் ஓரத்தை உற்றுப் பார்த்தால் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

சரி, குறைகள். நுனியில் தொடையோடு கட்டும் தோல் வார் இல்லை. அது பெரிய விஷயமில்லை, பல உறைகளில் அறுந்துதான் கிடக்கும். ஆனால் முன்பு வைத்திருந்த யாரோ எண்ணெயைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். அடிப்பகுதி தொளதொளவென்று ஆகிவிட்டது. இது மட்டும் மனதை உறுத்துகிறது. நான் எதுவும் பூசவில்லை. உள்ளே காகிதத்தைத் திணித்து, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். முதுகில் இருக்கும் பெல்ட் கொக்கியும் முழுசாக இருக்கிறது, 120 டாலருக்குத் தகும்.

அதே கடையில் 'சியர்ஸ் 1942' முத்திரையோடு இன்னொன்று தொங்குகிறது. சனிக்கிழமை போய்த் தையலைப் பார்க்கணும்.