சளி டப்பா எவ்வளவு தூரம் போகும்? பெங்களூரில் என்டிஎம் நோய்க்குச் சிகிச்சை தேட நாலு வழிகள்

என் மாமியாருக்கு வந்தது டிபி இல்லை என்று தெரிவதற்குள் டிபி மாத்திரை நாலு மாதம் உள்ளே போயிருந்தது. 2024 ஜனவரியில் ஸ்ரீராமபுரத்தில் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் சளி பார்த்தார்கள். ஸ்மியரில் கிருமி தெரிந்தது, மறுநாளே மாத்திரை ஆரம்பம். நம் நாட்டில் சளியில் அப்படித் தெரிந்தால் பெரும்பாலும் டிபிதான், அதனால் அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அத்தைக்கு இருமல் குறையவில்லை. 46 கிலோ இருந்தவர் மே மாதம் 41-க்கு வந்துவிட்டார்.

அடுத்துப் பார்த்த டாக்டர்தான் விளக்கினார். ஸ்மியர் என்பது கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பது. டிபி கிருமியும் அதன் பங்காளிக் கிருமிகளும் அதில் ஒரே மாதிரி சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும். ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட்டோ டிபியை மட்டும் தேடும். ஸ்மியர் பாசிட்டிவ், ஜீன் எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்று வந்தால் இந்தப் பங்காளிகள் மேல் சந்தேகம் வரணும். இவற்றுக்கு மொத்தமாக என்டிஎம் (டிபி அல்லாத மைக்கோபாக்டீரியா) என்று பெயர். மண்ணிலும் தண்ணீரிலும், குழாய்த் தண்ணீரில்கூட, இருப்பவை. ஏற்கெனவே நுரையீரல் பழுதானவர்களிடம் வந்து குடியேறும். (இதைப் படித்துவிட்டு யாரும் டிபி மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். கல்ச்சர், அதாவது சளியிலிருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், அதன் ரிப்போர்ட் வந்த பிறகு டாக்டர் சொல்லித்தான் நாங்கள் நிறுத்தினோம்.)

வழக்கமாக இது ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அப்போ என் டம்ளரை இனிமே எல்லாத்தோடயும் சேர்த்துக் கழுவலாமாம்மா?" நாலு மாதமாக அவருடைய தட்டும் டம்ளரும் பின்கட்டில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. பதில் சொல்லாமல் எடுத்து வந்து மற்ற பாத்திரங்களோடு போட்டேன்.

சரி, எங்கே காட்டுவது? எங்கள் முன்னால் நாலு வழி இருந்தது: அரசு நெஞ்சக ஆஸ்பத்திரி, பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி. கடைசியில் நாங்கள் போய் நின்றது நாலாவதில். அந்தப் பக்கம்தான் என் பேச்சு சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பக்கம் பெங்களூர் ஏழையில்லை. நிம்ஹான்ஸ் பக்கத்தில் ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிறுவனம் இருக்கிறது. பெல்லாரி ரோட்டில் 1959-லிருந்து தேசிய காசநோய் நிறுவனம் இருக்கிறது. ஆனால் அது முதன்மையாகப் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான இடம், தேசிய அளவிலான ரெஃபரன்ஸ் லேப். நேரே போய் ஓபி சீட்டு எடுக்கும் இடமாக நினைக்க வேண்டாம். டிபி என்று உறுதியானால் அரசுப் பக்கம் போவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. டெஸ்ட் இலவசம், மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வேறு. எங்கள் விஷயத்தில் என்டிஎம் என்று ஆனதும் டிபி கணக்கிலிருந்து அத்தை பெயர் வெளியே வந்துவிட்டது, மாத்திரையைக் கடையில்தான் வாங்கினோம். அரசு ஓபிக்கு இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமாகாது.

கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் பலம் வேகம். காலையில் டாக்டர், மத்தியானம் சிடி ஸ்கேன், மாலையே ரிப்போர்ட். மூச்சுக்குழாய் அங்கங்கே விரிந்திருக்கிறது, கிளை நுனியில் மொட்டு விட்ட மாதிரி புள்ளிகள் இருக்கின்றன என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. சளி வராதவர்களுக்கு ப்ராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு, உள்ளேயிருந்து எடுப்பதற்கும் அங்கே காத்திருக்க வேண்டாம். செலவு எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் இடறியது கல்ச்சரில். என்டிஎம் நோய் என்று சொல்ல ஒரு தடவை கிருமி வளர்ந்தால் போதாது. அது சுற்றுப்புறத்தில் இருக்கும் கிருமியாயிற்றே, சும்மா வந்து ஒட்டிக்கொண்டதாகக்கூட இருக்கலாம். அதனால் தனித்தனியாகக் கொடுத்த இரண்டு சளியிலாவது வளரணும், இல்லையென்றால் ப்ராங்கோஸ்கோப்பியில் எடுத்த ஒன்றில் வளரணும். கூடவே ஸ்கேனும் உடம்பில் தெரியும் அறிகுறிகளும் ஒத்துப்போகணும். நாங்கள் முதலில் கொடுத்த இரண்டில் ஒன்று வளர்ந்தது. இன்னொன்று ஆறு வாரம் காத்திருந்த பிறகு 'கண்டாமினேட்டட்' என்று வந்தது. விசாரித்தால், வீட்டுக்கு வந்து சளி வாங்கிப்போன லேப் அதை வேறு ஊரில் உள்ள தன் தலைமை லேபுக்கு அனுப்பியிருக்கிறது. மே மாத வெயிலில் டப்பா எங்கெங்கே உட்கார்ந்ததோ.

இந்த ஒரு விஷயம்தான் எங்கள் முடிவை மாற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சளியில் வாயிலிருந்து வரும் சாதாரண பாக்டீரியாவும் கலந்துதான் இருக்கும். அவை அரைமணிக்குள் ஒன்று இரண்டாகும் ஜாதி. நாம் தேடும் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். லேபில் முதலில் காரம் (ஆல்கலி) போட்டு மற்றவற்றைக் கொன்றுவிட்டுத்தான் வளர்க்கப் போடுவார்கள். ஆனால் டப்பா வழியிலேயே சூட்டில் கிடந்தால், லேபுக்கு வரும்போது சாதாரணக் கிருமி கூட்டம் சேர்த்திருக்கும். காரத்துக்கும் தப்பித்து ட்யூபை நிரப்பிவிடும். அதற்குத்தான் கண்டாமினேட்டட் என்று பெயர். பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை, ஆறு வாரம் போனது போனதுதான்.

ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நோயில் கல்ச்சர் ஒரு தடவையோடு முடிவதில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகும் மாதாமாதம், இல்லையென்றால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சளி கொடுக்கணும். குறைந்தது நாலு வார இடைவெளியில் தொடர்ந்து மூன்று நெகட்டிவ் வந்தால், முதல் நெகட்டிவ் சளி கொடுத்த தேதியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 12 மாதம் மாத்திரை. மருந்து எப்போது முடியும் என்பதை நாள்காட்டி சொல்லாது, லேப்தான் சொல்லும். நடுவில் ஒன்று கண்டாமினேட்டட் ஆனால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போகும். டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரும் அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்கணும்.

அதனால்தான் வேலூரை விட்டோம். மனசு வராமல்தான் விட்டோம். எங்கள் குடும்பத்தில் பெரிய வியாதி என்றால் யோசிக்காமல் சிஎம்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். என் மாமனாரின் சிறுநீரகத்தைப் பார்த்ததும் அங்கேதான். காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நாலு மணி நேரத்துக்குள் காட்பாடி. தமிழில் சொன்னால் தமிழில் பதில், அத்தைக்கு அதுவே பாதி மருந்து. ஊர் முழுக்க லாட்ஜில் வங்காளத்தில் எழுதிய போர்டு தொங்குகிறது, அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா? ஒரே ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ள, அல்லது இங்கே மருந்து வேலை செய்யாதபோது இரண்டாவது கருத்துக் கேட்க, கண்டிப்பாகப் போகலாம். எங்களுக்கும் அப்படி ஒரு நிலை வந்தால் போவோம். ஆனால் ஒன்றரை, இரண்டு வருஷம் மாதாமாதம் 63 வயது அம்மாவை, இருமலோடு, அதிகாலை வண்டியில்? அங்கேயே தங்கி மூன்று நாள் காலைச் சளி கொடுப்பது என்றால் லாட்ஜ் வாடகை, கடைச் சாப்பாடு, என் லீவு. முதல் இரண்டு மாதம் உற்சாகமாகப் போவோம், மூன்றாவது மாதம் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா" என்று அத்தையே ஆரம்பித்துவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

நாத்தனார் மும்பையில் மாதுங்காவில் இருக்கிறாள். "இங்க கூட்டிட்டு வந்துடுங்க அண்ணி, ஹிந்துஜா பக்கத்துலதான் இருக்கு" என்றாள். மாஹிமில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் டிபி லேப் பெயர் பெற்றது, 2012-ல் எந்த மருந்துக்கும் மசியாத டிபி என்று நாடே பேசியதே, அந்த நோயாளிகளைப் பற்றி எழுதியவர்கள் அங்கிருந்துதான். அவளுக்கு நோய் வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். காரணம் பெயர் மட்டும் இல்லை, அவள் வீட்டுக்குப் பக்கம்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருவோம். செயின்ட் ஜான்ஸ், ராமையா என்று நகரத்தில் பல இருக்கின்றன. நாங்கள் போவது எது என்பதை விட்டுவிடுகிறேன், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்னால் மூன்று இடத்து மைக்ரோபயாலஜி லேபுக்குப் போன் போட்டேன். டிபி கிருமிக்கான திரவக் கல்ச்சர் உங்கள் கட்டடத்திலேயே நடக்கிறதா, வெளியே அனுப்புகிறீர்களா? வளர்ந்தது என்டிஎம் என்றால் அதில் எந்த இனம் என்று பெயர் சொல்வீர்களா? கிளாரித்ரோமைசினுக்கும் அமிக்காசினுக்கும் அது கட்டுப்படுமா என்று பார்ப்பீர்களா? வளர்ந்த கிருமியைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்திருப்பீர்களா? ஒரு இடத்தில் ரிசப்ஷனைத் தாண்டவே முடியவில்லை. ஒரு இடத்தில் "வெளியேதான் போகும் மேடம்" என்றார்கள், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. மூன்றாவதில் டெக்னீஷியனே எடுத்து, கன்னடத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். கல்ச்சர் இங்கேயே, இனம் இங்கேயே, மருந்து டெஸ்ட்டுக்கு மட்டும் வெளியே போகும், அதுவும் வளர்ந்த கிருமியாகப் போவதால் கெட்டுப்போகும் பயம் இல்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

இனம் தெரிவது சும்மா பெயருக்காக இல்லை. அத்தைக்கு வந்தது மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே, மேக் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் மூன்றும் சேர்த்து, நுரையீரலில் குழி விழாத அவர் மாதிரி ஆட்களுக்கு வாரம் மூன்று நாள். அப்செஸஸ் என்ற இனமாக இருந்தால் கதையே வேறு, ஊசி மருந்துகள், ஆஸ்பத்திரி வாசம். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு பொருந்தாமல் போகலாம். அந்தப் பாதையில் நான் நடக்கவில்லை. தொற்றுநோய் நிபுணர் இருக்கும் கார்ப்பரேட்டோ வேலூரோ அவர்களுக்குச் சரியாக இருக்கக்கூடும்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் தொந்தரவு இல்லாமல் இல்லை. ஓபியில் இரண்டு மணி நேரம் உட்காரணும். ஒவ்வொரு தடவையும் மேல்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் ஒருவர் புதிதாக வந்து முதலிலிருந்து கதை கேட்பார், பிறகுதான் பெரிய டாக்டர். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் அத்தை பூக்கட்டுவார் என்று தெரிந்ததும், "கனகாம்பரத்துக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் கலர் வித்தியாசம் நல்லாத் தெரியுதா பாட்டி?" என்று கேட்டாள். எத்தாம்புட்டால் கண்ணைப் பாதிக்கலாம், சிவப்பும் பச்சையும் மங்கலாம். கண் டாக்டரிடம் நிறப்புள்ளிப் புத்தகம் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், தினமும் வீட்டில் நடக்கும் பரிசோதனை பூக்கூடையில்தான். பிசியோதெரபி பிரிவில் மூச்சை ஊதித் தள்ளிச் சளியை மேலே கொண்டுவரச் சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான். சளி நன்றாக வந்தால்தானே கல்ச்சரும் நன்றாக இருக்கும்.

சளி கொடுக்கும் நாள் இப்போது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. முந்தின நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துவிடுவேன். காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் அதிலிருக்கும் என்டிஎம்மே டப்பாவுக்குள் போய்விடலாம் என்று லேபில் எச்சரித்திருந்தார்கள். அத்தை மொட்டை மாடிக்குப் போய், ஐந்தாறு தடவை ஆழமாக மூச்சிழுத்து, அடியிலிருந்து இருமித் துப்புவார். எச்சில் என்றால் லேபில் திருப்பிவிடுவார்கள். மூடியை இறுக்கி, ஜிப் கவரில் போட்டு, ஐஸ் கட்டியோடு பழைய எவர்சில்வர் டிபன் கேரியரில் வைத்து, ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிஷம். எட்டரைக்கு லேப் ஜன்னல் திறக்கும்போது நான் நிற்பேன். இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட கண்டாமினேட்டட் வரவில்லை. கார்ப்பரேட்டிலோ வேலூரிலோ நாங்கள் தொடர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒப்பிட என்னிடம் ஒரே குடும்பத்து அனுபவம்தான் இருக்கிறது.

முதல் நெகட்டிவ் 2025 பிப்ரவரி 11-ல் கொடுத்த சளி. அடுத்த இரண்டும் நெகட்டிவ், எடை 44. பிப்ரவரி 11-லிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த டிபன் கேரியரை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று அத்தை அதன் மூடியில் ஆணியால் கீறி வைத்திருக்கிறார், "சளி" என்று.