வாசல்ல செக்கிங்கா, திறந்த ஸ்டேஷனா? டெல்லி மெட்ரோ, மும்பை லோக்கல், லண்டன் ட்யூப்

ஏர்போர்ட்ல பண்ற மாதிரி எல்லா ரயில்வே ஸ்டேஷன்லயும் ஆளுக்கு ஆள் செக் பண்ணித்தான் உள்ள விடணும்னு ஒவ்வொரு குண்டுவெடிப்புக்கு அப்புறமும் ஒரு பேச்சு கிளம்பும். பயத்துலயும் கோபத்துலயும் வர்ற பேச்சு, அதுல தப்பே இல்ல. ஆனா வாசல்ல செக் பண்றது, ஸ்டேஷன திறந்து விடறதுன்னு ரெண்டு வழியும் நம்ம நாட்டுலயே பல வருஷமா ஓடிட்டுதான் இருக்கு, ஒரு பக்கம் டெல்லி மெட்ரோ, இன்னொரு பக்கம் மும்பை லோக்கல். கூடவே லண்டனையும் ஸ்பெயின் தலைநகர் மேட்ரிட்டையும் வெச்சுப் பார்த்தா எது எங்க எடுபடும்னு தெரியும்.

டெல்லி மெட்ரோ பாதுகாப்பு 2007ல இருந்து சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) கைல. பைய எக்ஸ்ரே பெல்ட்ல போடணும், மெட்டல் டிடெக்டர் வழியா நடக்கணும், அப்புறம் சின்ன மேடை மேல ஏறி கைய விரிச்சு நின்னா ஜவான் கைக்கருவிய தோள்ல இருந்து கால் வரைக்கும் ஓட்டுவார், பெண்களுக்குத் தனி லைன், திரை மறைவுல பெண் காவலர். ஒரு நாளைக்கு 60 லட்சத்துக்கும் மேல பயணம் நடக்கற சிஸ்டத்துல இத விடாம செய்றாங்கன்றது பெரிய விஷயம். பையில துப்பாக்கி, தோட்டா மாட்டின செய்தி அடிக்கடி வருது. இது அங்க நடக்குதுன்னா காரணம் கட்டட அமைப்பு: ஸ்டேஷனுக்கு எண்ணி சில வாசல்தான், டிக்கெட் கேட் தாண்டாம பிளாட்பாரம் போக முடியாது.

குறை என்னன்னா வரிசை. செக்கிங் கூட்டத்த இல்லாம பண்றதில்ல, அத செக்கிங்குக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்துது. ரஷ்யால வோல்கோகிராட் ரயில் நிலையத்துல 2013 டிசம்பர் 29 அன்னிக்கு தற்கொலைப் படையாள் வெடிக்க வெச்சது வாசல்ல மெட்டல் டிடெக்டர் பக்கத்துலதான், 18 பேர் செத்தாங்க. 2025 நவம்பர் 10 டெல்லில கார் வெடிச்சதும் செங்கோட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்கு வெளிய ரோட்டுல. அதனால செக்கிங் வெச்சா வரிசை நீளாத அளவுக்கு லைனும் ஆளும் சேர்த்து வைக்கணும், பீக் அவர்ல வாசலுக்கு வெளிய 200 பேர் நெருக்கியடிச்சு நிக்கறாங்கன்னா அங்க பாதுகாப்பு இன்னும் முழுசா வரலன்னுதான் சொல்வேன்.

இதையே மும்பை லோக்கல்ல பண்ண முடியுமா? 2006 ஜூலை 11 சாயங்காலம் வெஸ்டர்ன் லைன்ல 11 நிமிஷத்துக்குள்ள 7 குண்டு, எல்லாமே ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டில, 200 பேருக்கு மேல போயிட்டாங்க. செக் பண்ணுங்கன்னு கேக்கற மனசு புரியுது, ஆனா கணக்கப் போட்டுப் பாருங்க. ஒருத்தருக்கு 5 செகண்ட்னு வெச்சாலும் ஒரு லைன்ல நிமிஷத்துக்கு 12 பேர், ரயில் 3 நிமிஷத்துக்கு ஒண்ணு, அதுக்குள்ள ஒரு லைன் 36 பேர விடும். வெஸ்டர்ன் லைன் கிளம்பற சர்ச்கேட் ஸ்டேஷன்ல ஒரு ரயிலுக்கு 1,500 பேர் ஏறறாங்கன்னு குறைச்சே வெச்சாலும் 40 லைனுக்கு மேல வேணும், அதுவும் பைய திறக்காம. அது போக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நடைமேம்பாலம், பக்கத்து சந்து, தண்டவாளத்தையொட்டின இடைவெளின்னு எத்தனையோ வழி.

அதனால நடக்கறது பாதிச் செக்கிங். நம்ம பக்கத்து பெரிய ஸ்டேஷன்கள்லயும் இதப் பார்க்கலாம், ஒரு மெட்டல் டிடெக்டர் ஃப்ரேம் வாசல் நடுவுல நிக்கும், போறவங்க எல்லாருக்கும் பீப் பீப்னு கத்தும், பக்கத்துல யாரும் நிமிர்ந்துகூட பாக்க மாட்டாங்க, பெட்டி தூக்கிட்டு வர்றவங்க அதுக்குப் பக்கத்து இடைவெளில சுத்திப் போயிடுவாங்க. முழுச் செக்கிங், திறந்த ஸ்டேஷன், பாதிச் செக்கிங்னு மூணு வழில இதுதான் ரொம்ப மோசம், காசும் போகுது, பாதுகாப்பா இருக்கோம்னு ஒரு பொய் நம்பிக்கையும் வருது. 2014 மே 1 காலைல சென்னை சென்ட்ரல்ல குவாஹாட்டி எக்ஸ்பிரஸ்ல ரெண்டு குண்டு வெடிச்சு ஒரு இளம்பெண் உயிர் போச்சு. அந்த ரயில் பெங்களூருல இருந்து வந்தது, ஏற்கெனவே பெட்டிக்குள்ள இருக்கறத சென்ட்ரல் வாசல்ல இருக்கற மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்?

லண்டன் வேற ரூட் எடுத்தாங்க. 2005 ஜூலை 7ல மூணு ட்யூப் (லண்டன் சுரங்க மெட்ரோ) ரயில், ஒரு பஸ், 52 பேர் பலி. அதுக்கப்புறமும் வாசல்ல ஸ்கேனர் வைக்கல. கேமரா, ரோந்து, மோப்ப நாய், கூடவே ஊழியர்களுக்குப் பயிற்சி. கேட்பாரில்லாம ஒரு பை கிடந்தா அவங்க மூணு கேள்வி கேக்கணும்: வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்கா, பார்த்தாலே சந்தேகப்படற மாதிரி ஒயரோ திரவமோ தெரியுதா, இந்த இடத்துல ஜனங்க வழக்கமா மறந்துட்டுப் போற சாமானா? இத எளிசா நினைக்காதீங்க, மறந்துபோன ஒவ்வொரு டிபன் பைக்கும் ஸ்டேஷன மூடினா நாலாவது தடவ யாருமே சீரியஸா எடுக்க மாட்டாங்க. பயணிகளும் ரயில்வே போலீஸோட 61016 நம்பருக்கு மெசேஜ் அனுப்பலாம்.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கு, அத மறைக்கக் கூடாது. 2005 ஜூலை 22 ஸ்டாக்வெல் ஸ்டேஷன்ல தப்பா அடையாளம் கண்டு ஒரு அப்பாவி பிரேசில்காரர போலீஸே ரயிலுக்குள்ள சுட்டுக் கொன்னாங்க. கண்காணிங்கன்னு ஜனங்ககிட்ட சொன்னா பாதிப் பேர் பையப் பாக்க மாட்டாங்க, தாடியையும் தொப்பியையும் முகத்தையும்தான் பாப்பாங்க. பொருளையும் நடத்தையையும் பாருங்கன்னு அழுத்திச் சொல்லாத விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டாமலே இருக்கலாம்.

மேட்ரிட் ரெண்டையும் கலந்து வெச்சிருக்கு. 2004 மார்ச் 11ல 4 புறநகர் ரயில்ல 10 குண்டு வெடிச்சு 190 பேருக்கு மேல போன ஊரு, ஆனா இப்பவும் அதிவேக ரயிலுக்குத்தான் லக்கேஜ் ஸ்கேன், புறநகர் ரயிலுக்கு டிக்கெட் கேட் மட்டும். எங்க முடியுமோ அங்க மட்டும் முழுசா செய்றது, அவ்ளோதான்.

நான் எடை போட்டா வாசல விட உள்ள இருக்கற ஆளுக்குத்தான் மார்க் கூட போடுவேன். 26/11, அதாவது 2008 நவம்பர் 26 ராத்திரி, மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்துல மெட்டல் டிடெக்டர் இருந்துச்சு, துப்பாக்கியோட வந்தவங்கள அது நிறுத்தல. அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் கேபின விட்டு ஓடாம மைக்ல திரும்பத் திரும்ப வெளியேறச் சொன்னதுல எத்தனையோ பேர் தப்பிச்சாங்க. 2017ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோ சுரங்கத்துல குண்டு வெடிச்சப்ப டிரைவர் நடுவுல நிறுத்தாம அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனார், அதனால மீட்பு சீக்கிரம் நடந்துச்சு. இதுக்கு நேர் எதிரா தென் கொரியா தேகு, 2003. அது தீவிரவாதம் இல்ல, ஒரு ஆள் வெச்ச தீ, ஆனா பாடம் ஒண்ணுதான்: எரியற ரயிலுக்கு எதிர்ல இன்னொரு ரயில் வந்து நின்னுச்சு, அதோட டிரைவர் சாவிய எடுத்துட்டுப் போயிட்டார், கதவு மூடிக்கிச்சு, மொத்தம் 192 பேர் செத்தாங்க. அப்புறம் பெட்டிக்குள்ள சீட், தரை எல்லாத்தையும் தீப்பிடிக்காத பொருளுக்கு மாத்தினாங்க. 2025 மே 31 சியோல் 5ஆம் லைன்ல ஒருத்தன் ஓடற ரயில்ல தீ வெச்சப்ப பயணிகளும் டிரைவரும் அணைச்சாங்க, சுரங்கத்துல நடந்தே வெளிய வந்தாங்க, ஒரு உயிர்கூட போகல.

சென்னைக்கு இத வெச்சு சொல்லணும்னா, மெட்ரோல இருக்கற ஸ்கேனிங் தொடரட்டும், லைன மட்டும் கூட்டுங்க. பீச்–தாம்பரம் மாதிரி புறநகர் லைன்ல புது டிடெக்டர் ஃப்ரேம் வேண்டாம். அந்தக் காச கேமராவ உட்கார்ந்து பாக்கற ஆளுக்கும், தீயணைப்பான் எங்க இருக்குன்னு ஒவ்வொரு பெட்டிலயும் கண்ணுல படற மாதிரி எழுதறதுக்கும், மேலிடத்துக்கு போன் போட்டுக் காத்திருக்காம உடனே மைக்க எடுத்துப் பேசலாம்ன்ற அதிகாரத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அறிவிப்பாளருக்கும் எழுத்துல குடுத்து ஒத்திகை பாக்கறதுக்கும் செலவு பண்ணுங்க.