கிளட்ச் கவருக்கு எது: வீட்டில் வெட்டிய கேஸ்கெட் பேப்பரா, சிலிக்கான் பேஸ்ட்டா?

பைக் எஞ்சினின் கிளட்ச் கவரைக் கழற்றும்போது, ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் பழைய கேஸ்கெட் கிழிந்துவிட்டால் பலருக்கும் வரும் குழப்பம் இது.

செலவு: இரண்டுமே குறைவுதான். ஒரு பேப்பர் ஷீட்டில் பல கேஸ்கெட் வெட்டலாம். பேஸ்ட் டியூப்பைத் திறந்தால் மீதி நாளடைவில் இறுகிவிடும்.

வேலை: பேப்பருக்குப் பொறுமை வேண்டும். ஷீட்டைக் கவர்மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டினால் கோடு விழும். முதலில் இரண்டு போல்ட் துளைகளைப் போட்டு போல்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஷீட் நகர்ந்து எல்லாம் பாழ். அலுமினிய விளிம்பு மென்மையானது, ஓங்கி அடிக்காதீர்கள். பேஸ்ட் பூச ஐந்து நிமிடம் போதும், ஆனால் முழுதாக இறுக 24 மணி நேரம் விட வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் எனக்குப் பேஸ்ட்மேல் பயம். அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கி, துண்டாகி, ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். அப்புறம், கேஸ்கெட் 0.5 மி.மீ. இருந்த இடத்தில் வெறும் பேஸ்ட் பூசினால் கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இடைவெளியே மாறிப்போகும்; பேப்பரையும் அதே தடிமனில்தான் வாங்க வேண்டும்.

கிளட்ச் கவரை அடிக்கடி கழற்றுபவருக்குப் பேப்பர். கேஸ்கெட்டே இல்லாமல் வடிவமைத்த கிராங்க்கேஸ் (எஞ்சினின் கீழ்க்கூடு) இணைப்புக்குப் பேஸ்ட், அதுவும் மெல்லிய கோடாக. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு இரண்டும் வேண்டாம், கடையில் அதற்குரிய கேஸ்கெட்டையே வாங்குங்கள்.