டிக்கெட்டில் டிஎம்கே என்று போட்டிருந்தால்: பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையம்

சென்னையிலிருந்து தாய் ஏர்ஏசியாவில் பாங்காக் போகிறவர்கள் இறங்குவது டான் முவாங்கில். படங்களில் பார்த்த பளபளப்பான சுவர்ணபூமி இது இல்லை. அது நகரத்துக்குக் கிழக்கே, இது வடக்கே. தேடும்போது இரண்டுமே 'பாங்காக்' என்றுதான் வரும். பார்க்க வேண்டியது மூன்றெழுத்துக் குறியீட்டை. சுவர்ணபூமி பிகேகே, டான் முவாங் டிஎம்கே. (பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு நம்மூர்க்காரர்கள் ஒரு போட்டோவாவது எடுக்காமல் நகர்வதில்லை.)

பயணம் முழுக்க டான் முவாங்கிலேயே முடிகிறதென்றால் இந்த மலிவு டிக்கெட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஒரு விமானம் இங்கே, அடுத்தது சுவர்ணபூமியில் என்றால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசுக்கு மேலேயே செலவாகலாம்.

1914இல் திறந்த நிலையம் இது. 2006இல் சுவர்ணபூமி வந்ததும் மூடினார்கள், மறு ஆண்டே உள்நாட்டு விமானங்களுக்காகத் திறந்தார்கள். 2011 வெள்ளத்தில் மூழ்கி, 2012இல் மீண்டும் எழுந்து, மலிவு விமானங்களின் தலைமையிடமானது. ஏர்ஏசியா, நோக் ஏர், தாய் லயன் ஏர் எல்லாம் இங்கேதான். பழைய கட்டடம், நெடுஞ்சாலைக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிறது. அதனால் நடை அதிகம். இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையே விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஜன்னல் இருக்கை கிடைத்தால் இறங்கும்போது பாருங்கள், நிஜமாகவே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

முனையம் 1 வெளிநாடு, முனையம் 2 உள்நாடு. உள்ளேயே நடந்து போய்விடலாம். ஆனால் தனித்தனி டிக்கெட்டில் சியாங் மாய், கிராபி போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, முனையம் 2இல் மறுபடி பெட்டியைப் போட வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து வெளிநாட்டு விமானங்கள் இறங்கினால் குடிநுழைவிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். நடுவில் மூன்றரை மணி நேரமாவது விடுங்கள். ஏர்ஏசியாவிலேயே 'ஃப்ளை த்ரூ' என்று ஒரே பதிவாக எடுத்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது.

தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் கட்டாயம், முழுக்க இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத் தளம் இல்லை.

சுவர்ணபூமிக்கு மாறுகிறவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு. அங்கிருந்து கிளம்பும் டிக்கெட்டைக் காட்டினால்தான் ஏற்றுவார்கள். தூரம் 40 கிலோமீட்டருக்கு மேல்; சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம், மாலை நெரிசலில் இரண்டு. குடிநுழைவு, பெட்டி, பேருந்துக்குக் காத்திருப்பது, அங்கே மறுபடி செக்-இன் எல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நம்பாதீர்கள். இன்னொன்று: இப்படி மாறுவது சட்டப்படி தாய்லாந்துக்குள் நுழைவதுதான். நாட்டுக்குள் நுழையும் தகுதியும் வருகை அட்டையும் இல்லாமல் 'சும்மா மாறிப் போகிறேன்' என்று சொன்னால் விடமாட்டார்கள்.

நகரத்துக்குள் போக, 2021இல் வந்த சிவப்பு வழித்தட ரயில்தான் முதல் தேர்வு. முனையத்திலிருந்து நடைமேம்பாலத்தில் போனால் ரயில் நிலையம். 'ரங்சித்' என்று போட்ட ரயிலில் ஏறிவிடாதீர்கள், அது எதிர்த்திசை. குருங் தேப் அபிவத் நிலையத்தில் இறங்கினால் கீழே நீல மெட்ரோ. அதற்கு டிக்கெட் தனி. சிவப்பு ரயில் அந்த நிலையம் வரை ஓடும் நேரம் கால் மணிதான். ஆனால் ரயில்கள் அடுத்தடுத்து வராது, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். மோ சிட் நிலையத்தில் பிடிஎஸ் மேம்பால ரயிலைப் பிடிக்க ஏ1 பேருந்து, காவோ சான் சாலைக்கு ஏ4. பெட்டி நிறைய இருந்தால் டாக்ஸி. வாசலில் வந்து அழைப்பவர்களை விட்டுவிட்டு, வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம். டோல் சாலையில் போனால் அந்தக் காசும் நீங்கள்தான் தர வேண்டும். டிரைவர் டோல் வேண்டுமா என்று கேட்டால் நெரிசல் நேரத்தில் சரி என்பதே நல்லது.

திரும்பும்போது எடைதான் தொல்லை. ஏர்ஏசியாவில் கைப்பை, தோள்பை இரண்டும் சேர்த்து 7 கிலோ. விமான நிலையத்தில் எடை போட்டு அதிகம் என்று வந்தால், இணையத்தில் முன்கூட்டியே வாங்குவதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். சந்தையில் வாங்கிய மாம்பழ அல்வாவும் தைலப் புட்டிகளும் அங்கேதான் கணக்குக்கு வரும். புட்டி 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையிலும் வைக்க முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் அச்சிட்ட கொள்ளளவு எண் அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதல் ஆகலாம்.