சராசரிச் சம்பளத்தை நம்பிக் கல்விக் கடன் வாங்காதீர்கள்

ஃபைனான்ஸ் முதுகலை படிக்கக் கடன் வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. இது ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை.

சேர்க்கை அலுவலகத்தில் எனக்கும் அப்பாவுக்கும் காட்டியது ஒரே ஒரு எண்ணைத்தான்: போன பேட்ச் மாணவர்களின் சராசரிச் சம்பளம். இரண்டு வருடக் கட்டணத்தை விட அது அதிகம். “சார், முதல் வருஷச் சம்பளத்துலயே கடனை அடைச்சிடலாம், எதுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க?” என்றார் அங்கே இருந்தவர். அப்பா பிணையாளராகக் கையெழுத்துப் போட்டார்.

எந்த நாட்டுப் பணம் என்பதை விட்டுவிடுகிறேன். நான் வாங்கிய கடனை 1000 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதே அளவில் சொல்கிறேன். அவர்கள் காட்டிய சராசரி 1200. எனக்குக் கிடைத்த வேலைக்கு வருடச் சம்பளம் 700. அதிலும் 100, டார்கெட் முடித்தால் மட்டும் தரும் ஊக்கத்தொகை. முதல் வருடம் அது வரவே இல்லை. ஆக, 600. வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போன பிறகுதான் மிச்சம் கைக்கு வரும்.

அந்த 1200 பொய்யா என்றால், பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒன்பது பேர் 700 வாங்கி, ஒரே ஒருவர் 5700 வாங்கினால் பத்துப் பேரின் சராசரி 1200 வந்துவிடும். அந்த ஒருவர் ஏற்கெனவே பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவராகக்கூட இருக்கலாம். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்டிருந்தால் 700 என்ற பதில் வந்திருக்கும். இடைநிலை என்கிற அந்த எண்ணை நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

யாரைக் கணக்கில் சேர்த்தார்கள் என்பது அடுத்தது. கடைசி செமஸ்டர் முடியும்போது, எங்கள் பேட்ச்சில் வேலை கிடைக்காத சிலரைக் கூப்பிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ‘வேலைவாய்ப்பு உதவி எனக்குத் தேவையில்லை’ என்று அதில் இருந்தது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் ‘இத்தனை சதவீதம் பேருக்கு வேலை’ என்ற கணக்கிலும் வர மாட்டார்கள், சராசரியிலும் வர மாட்டார்கள்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்குகளை மதிப்பிடுவது, இடர் மேலாண்மை என்று இரண்டு வருடம் படித்துவிட்டு, தொலைபேசியில் காப்பீடும் கிரெடிட் கார்டும் விற்றேன். பதவியின் பெயர் என்னவோ ரிலேஷன்ஷிப் மேனேஜர். கல்லூரிக் கணக்கில் அது ‘நிதித்துறை வேலை’. பக்கத்து இருக்கையில் அதே வேலையை, ஏறக்குறைய அதே சம்பளத்துக்குச் செய்தவர் இளங்கலையோடு நிறுத்தியவர். வேலை பார்த்துக்கொண்டே, முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ என்ற தொழில்முறைத் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நிலைத் தேர்வுகள், குறைந்தது 36 மாதங்களில் 4000 மணி நேரப் பணி அனுபவம். சுலபமான பாதை இல்லைதான். ஆனால் நான் படித்த இரண்டு வருடமும் அவர் சம்பளம் வாங்கியிருக்கிறார். நான் விட்ட அந்தச் சம்பளமும் என் படிப்புச் செலவில் சேர்ந்ததுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சரி, கடனுக்கு வருகிறேன். வட்டி 10 சதவீதம். முதல் வருடம் 500, இரண்டாம் வருடம் 500 என்று வங்கி கொடுத்தது. படிப்பு முடிந்து ஆறு மாதம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்தது. தவணைதான் கிடையாதே தவிர, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. முதல் தவணை தொடங்கிய அன்று அசலோடு 200 சேர்ந்து கடன் 1200 ஆகியிருந்தது.

பத்து வருடத்தில் அடைப்பதற்கு மாதத் தவணை 15.86. வருடத்துக்கு 190. பிடித்தத்துக்கு முந்தைய 600 சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. ஒரு மாதம்கூடத் தவறாமல் இரண்டு வருடம் கட்டிய பிறகு வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கட்டியது 380, பாக்கி 1045. வாங்கியதே 1000 தான்! அன்று அப்பாவிடம் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் தவணைக்கு முன்பே, 15 வருடமாக நீட்டித் தருகிறோம் என்றிருந்தது வங்கி. தவணை 12.90 ஆகக் குறைந்திருக்கும், மொத்தமாகக் கட்டுவது 1903 இலிருந்து 2321 ஆக உயர்ந்திருக்கும். அப்போதே வேண்டாம் என்றுவிட்டேன்.

சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள், அதுவும் எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த அத்தனை பேரையும் எண்ணினால் இடைநிலைச் சம்பளம் என்ன, அதில் நிலையான பகுதி எவ்வளவு, எத்தனை பேர் விற்பனை வேலைக்குப் போனார்கள். பிறகு வங்கியிடம், முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவாக நிற்கும் என்று கேளுங்கள். அந்தத் தொகை முதல் வருடச் சம்பளத்துக்குள் அடங்கினால், என்னுடைய வட்டியிலும் காலத்திலும் தவணைக்குச் சம்பளத்தில் அதிகபட்சம் 16 சதவீதம் போகும். சமாளித்துவிடலாம். என்னைப் போல இரண்டு மடங்கு என்றால் 32 சதவீதம். அப்புறம், கல்லூரி அறிமுகப்படுத்தும் சீனியர்களோடு நிறுத்தாமல், லிங்க்ட்இன்னில் நீங்களே நான்கைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

போன மாதம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அதே கல்லூரிக்கு இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினாள். பதில் தொலைபேசியில் வந்தது. கட்டணத்தில் பத்து சதவீதம் குறைக்கிறார்களாம், இந்த வாரமே சேர்ந்துவிட வேண்டுமாம். அவள் கேட்ட எண்களை இன்றுவரை அனுப்பவில்லை.